ஐஸ் கம்பெனி வாசல்

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் இவருக்கு ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றொன்று. மூச்சு பரவாயில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதை வைக்கப் போனபோது தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

தினமும் அளவைக் குறித்து வைக்கும்படி ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதால்தான் இந்த டைரியே. அதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று எதையாவது எழுதத் தொடங்கினேன், பழகிவிட்டது.

வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னார்கள். வியாழன் வாக்கில் புயலாகிக் கரைக்கு வருமாம். கடலூர்ப் பக்கமா, நம் நாகைப் பக்கமா என்பது இன்னும் தெரியாதாம். விசைப்படகுகள் எல்லாம் துறைக்குத் திரும்பிவிட்டன. அத்தனை பேரின் மீனும் ஒரே நாளில் இறங்கியதில் ஐஸ் கம்பெனி வாசலில் லாரி நிற்க இடமில்லை என்று எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

நவம்பர் 18, திங்கள்

அளவு தொண்ணூறு.

பள்ளிக்கூடத்தில் இன்று புளிசாதமும் முட்டையும். பிள்ளைகளுக்குப் போட்டு முடிப்பதற்குள் தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். பள்ளிக்கூடம்தான் புயல் முகாமாம். சத்துணவு அமைப்பாளர் நான் என்பதால் முகாம் சமையலும் என் தலையில்தான். அரிசி மூட்டைகளை மாடி வகுப்புக்கு ஏற்றச் சொன்னேன்.

"உங்க தெருவுல நடக்க முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரு. தேசிங்கு, வயசு நாப்பத்தாறு."

"உடம்புக்கு என்ன?"

"நுரையீரல் கெட்டுப்போச்சு சார். எந்நேரமும் மூக்குல ஆக்சிஜன் கொழாய் இருக்கணும். கரண்டுல ஓடுற மெஷின்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கரண்டு போனா?"

"ஒரு சிலிண்டர் இருக்குது. அரை நாள் தாங்கும்."

"முகாம்ல ஜெனரேட்டர் வெக்கிறோம்மா. முன்னாடியே கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

அந்த மெஷின் நல்ல மெஷின். போன வருஷம் ஒரு டிரஸ்ட்டில் கொடுத்தார்கள் என்று இவர்தான் வாங்கி வைத்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் வீட்டில் இருந்தது. எந்த டிரஸ்ட் என்று கேட்டேன். பேர் மறந்துபோச்சு என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

அளவு எண்பத்தொன்பது. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.

"நாகை ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. இன்னும் ரோடு நல்லாத்தானே இருக்கு," என்றேன்.

தலையை ஆட்டினார். பேசுவதற்கு முன் எப்போதும் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொள்வார். "போன தடவ அங்க கெடந்தப்ப... பக்கத்துக் கட்டிலு மூணு வாட்டி காலியாச்சு சுகந்தி. நான் வரல."

"முகாம்ல ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆவட்டும். நீ பக்கத்துல இருப்பல்ல."

கோபமாக வந்தது. எழுந்துபோய்க் கொல்லையில் காய்ந்த துணியை எடுத்தேன்.

சாயங்காலம் பாத்திரம் தேய்க்கப் போனால் தொட்டியில் இரண்டு டீ டம்ளர்.

"யாரு வந்தா?"

"பாக்கியம் அக்கா."

பாக்கியம் அக்கா டீ குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இவர் ஐஸ் கம்பெனியில் பதினாறு வருஷம் மெஷின் பார்த்தவர். தண்ணீரை ஐஸ் பாராக உறைய வைப்பதற்கு அங்கே அம்மோனியா வாயு ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வால்வு கசியத் தொடங்கியது. இவர் போய்ச் சொன்னார். சீசன் முடியட்டும், மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. சீசன் முடிவதற்குள் ஒருநாள் மத்தியானம் அது பிய்த்துக்கொண்டது. மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அடைத்தது இவர். அதற்கப்புறம் இவரால் பத்தடி நடக்க முடியவில்லை.

முதலாளி பெயர் வீரமணி. என் உடன்பிறந்தவர். இனி என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னேன். அவரும் ஏறவில்லை.

நவம்பர் 20, புதன்

அளவு எண்பத்தெட்டு. புயல் நாளைக் காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறுமாம். அப்படியென்றால் எங்கள் தலைமேல்தான்.

இவருக்குத் தெரியாமல் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வாய்க்கால் பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, அதற்கு இந்தப் பக்கம் வண்டி வராது என்றார்கள். நேற்றே செய்திருக்க வேண்டும்.

மத்தியானம் லோடு ஆட்டோவில் இவரையும் மெஷினையும் சிலிண்டரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் வகுப்பில் இடம் கொடுத்தார்கள். கூட வந்த பாக்கியம் அக்கா இவருக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டாள். முன்னூறு பேருக்கு மேல் வந்தாயிற்று. சாயங்காலத்திலிருந்து கரண்டு போவதும் வருவதுமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஐஸ் கம்பெனி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இவரைப் படுக்க வைத்திருக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

எழுத முடியவில்லை. இருக்கிறோம்.

நவம்பர் 22, வெள்ளி

பேனாவைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கிறது. ஆனாலும் நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விடியும்போது கரண்டு மொத்தமாகப் போனது. முகாம் ஜெனரேட்டரைப் போட்டார்கள், மெஷின் ஓடியது. நான் மாடியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். காற்று அதற்குள் ஊளையிட ஆரம்பித்திருந்தது. தென்னை மட்டைகள் வந்து சுவரில் மோதின. கீழே யாரோ கத்தினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வராந்தாவில் தண்ணீர். ஜெனரேட்டரை மேசைமேல் தூக்கி வைப்பதற்குள் அது இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எவ்வளவு இழுத்தும் மறுபடி கிளம்பவில்லை.

சிலிண்டர் இருக்கிறதே என்று நான் பெரிதாகப் பதறவில்லை. மாற்றிவிட்டுப் பொங்கலை இறக்கப் போனேன். திரும்பி வந்தபோது இவர் உதடு நீலமாக இருந்தது. சிலிண்டரைப் பார்த்தேன். முந்தின நாள் கரண்டு விட்டுவிட்டு வந்ததில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இவராகவே காற்றைக் குறைத்து வைத்திருக்கிறார்.

"எதுக்குங்க கொறைச்சீங்க?"

"நீ... வர்ற வரைக்கும்... தாங்கணும்ல."

திருகித் திறந்துவிட்டேன். இப்படித் திறந்தால் எவ்வளவு நேரம் வரும் என்று எனக்குத் தெரியும்.

பாக்கியம் அக்கா என் தோளைத் தொட்டாள். "எதிர்ல ஜெனரேட்டரு ஓடுது சுகந்தி. கேக்குதுல்ல?"

எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மீன் தள்ளுவண்டி ஒன்று படிக்கட்டில் கட்டிக் கிடந்தது. இவரை அதில் உட்கார வைத்து, சிலிண்டரை மடியில் கிடத்தி, மெஷினை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காலடியில் வைத்தோம். அக்கா பின்னால் தள்ள, நான் முன்னால் இழுத்தேன். சாலையில் முழங்கால் தண்ணீர். மழை ஊசி ஊசியாகக் கண்ணில் குத்தியது. அந்த இருபது அடியைத் தாண்ட ஒரு ஊரைத் தாண்டுகிற நேரமானது.

இரும்புக் கதவைக் கையால் அடித்தேன். திறந்தது அவரேதான். இரண்டு வருஷமாக முகத்தைப் பார்க்காமலே தெருவில் ஒதுங்கிப் போயிருக்கிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது.

"பாப்பா..." என்றார்.

"மெஷினுக்கு ஒரு ப்ளக் வேணும்," என்றேன்.

கதவை அகலத் திறந்தார். வண்டி வாசலைத் தாண்டப் போகும்போது இவர் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. வாயுவை அழுத்துகிற பெரிய மெஷின், தட் தட் என்று.

"அது ஓடுது," என்றார். "அது ஓடுறப்ப... நான் உள்ள வரமாட்டேன் மச்சான்."

"மாப்ள, ஒண்ணும் ஆவாது. வால்வு எல்லாம்..."

"வரமாட்டேன்."

விரல்களைப் பிரித்துவிடப் பார்த்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, அசைக்க முடியவில்லை. சிலிண்டர் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

வீரமணி திரும்பிக் குளிர் அறையைப் பார்த்தார். துறையில் இறங்கிய அத்தனை பேரின் இறாலும் மீனும் அதற்குள் இருக்கிறது. "மொதலாளி, அத நிறுத்துனா கரண்டு வர்றதுக்குள்ள எல்லாம் போயிடும்," என்றான் வேலையாள் சின்னையன். அவர் உள்ளே போனார். நாங்கள் மழையில் நின்றோம். தட் தட் சத்தம் மெதுவாகி நின்றது. அதற்குப் பிறகும் அவர் வெளியே வர நேரமானது.

"எல்லா வால்வையும் அடைச்சிட்டேன் மாப்ள. காஸு மொத்தமும் டேங்குக்குள்ள போயிடுச்சு."

"மெயினு வால்வு?"

"மெயினும்தான்."

"நீயே அடைச்சியா, ஆள விட்டு அடைச்சியா?"

வீரமணி எண்ணெய் படிந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "நானேதான்," என்றார்.

இவர் கம்பியை விட்டார்.

ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வீரமணி மெஷினைத் துடைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே தூசி வடிகட்டும் பஞ்சை எடுத்துப் பிழிந்து திரும்பச் சொருகி, பட்டனை அழுத்தினார். எப்படிப் பிரிப்பது என்று என்னைக் கேட்கவேயில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழாயில் காற்று வந்தது. பாக்கியம் அக்கா பொங்கலைப் பரிமாற ஆளில்லை என்று முகாமுக்குத் திரும்பிவிட்டாள்.

அப்புறம்தான் உண்மையான காற்று வந்தது. ஜெனரேட்டர் கொட்டகையின் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்தது. மழை நேராக அதன்மேல் கொட்டியது. வீரமணியும் சின்னையனும் படகுக்குப் போடும் தார்ப்பாயை இழுத்துவந்தார்கள். வெறுமனே மூடிவிடவும் முடியாது, புகை போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். மழை விழுகிற பக்கத்தை மறைத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. நானும் போய் ஒரு கயிற்றைப் பிடித்தேன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை அவர்.

திடீரென்று காற்று நின்றது. வானம் வெளுத்தது. காது அடைத்துக்கொண்டது போல ஒரு அமைதி. "முடிஞ்சிருச்சு மொதலாளி, எம்புள்ளைங்கள பாத்துட்டு வந்துடுறேன்," என்று சின்னையன் கிளம்பினான்.

"போவாதடா, புயலோட கண்ணு கடக்குது. மறுபடி அடிக்கும்."

அவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. அவன் பிள்ளைகள் முகாமில் இருந்தன.

மறுபடி அடித்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்ததெல்லாம் இப்போது தெற்கிலிருந்து. தார்ப்பாயை அந்தப் பக்கம் மாற்றிக் கட்ட அவகாசமே இல்லை. நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. கயிறு கையை அறுத்தது. உள்ளே இவர் எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்க்க வழியில்லை. ஆபீஸ் ஜன்னலில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அது எரிகிறவரை மூச்சு வருகிறது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தடவை அவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். தார்ப்பாய் மேலே எழும்பியது. பல்பு மங்கியது.

"அண்ணே! கயித்த விடாத! விட்டுடாத அண்ணே!"

"புடிச்சிருக்கேன் பாப்பா! நீ தூணுல ஒரு சுத்து சுத்து, தூணுல சுத்து!"

சுற்றினேன். அவர் முட்டி போட்டபடியே இழுத்தார். பல்பு மறுபடி தெளிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காற்று தளர்ந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டதும் கண் திறந்தார். அளவு பார்க்கிற கருவியை விரலில் மாட்டிப் பார்த்தேன், எண்பத்தெட்டு.

"ரெண்டு பேரும்... சண்ட போட்டீங்களா? ஒரே சத்தம்."

"ஆமா," என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் குளிர் அறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஆபீஸ் வரைக்கும் வந்தது. சாக்கைப் போட்டுத் துடைத்தேன். மறுபடி வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

அளவு தொண்ணூறு. கரண்டு வர இரண்டு வாரம் ஆகுமாம். எங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் போய்விட்டது, அதனால் ஐஸ் கம்பெனி ஆபீஸ் அறையிலேயே இருக்கிறோம். சின்னையனும் பிள்ளைகளும் பத்திரம். ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

நாற்றம் தொடங்கிவிட்டது. அண்ணனும் ஆட்களும் கூடை கூடையாக இறாலை வெளியே கொண்டுபோய்க் குழியில் கொட்டுகிறார்கள். மத்தியானம் படகுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"கரண்டு போச்சு, என்னப்பா செய்ய முடியும்," என்றார் அண்ணன்.

"ஜெனரேட்டரு ஓடுனது ஊருக்கே கேட்டுச்சே! எங்க மீனு அழுகுது, ஒம்ம ஆபீஸ்ல லைட்டு எரியுது. என்னய்யா கணக்கு இது?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லமாட்டார் என்று தெரிந்துபோயிற்று. முகாம் சாப்பாட்டுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியோடேயே எழுந்து வாசலுக்குப் போனேன்.

"எங்க வீட்டுக்காரருக்காகத்தான் நிறுத்துனாரு. மெஷின் ஓடுனா அவரு உள்ள வரமாட்டேன்னாரு. கேக்குறதா இருந்தா என்னையக் கேளுங்க."

ஒருவர் உள்ளே எட்டி இவரைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இன்னொருவர் மண்ணில் துப்பிவிட்டுப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. இருந்த ஒரே வலையும் கிழிந்தவர்.

அவர்கள் போனபிறகு அண்ணனுக்கு இலை போட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாப்பா, அன்னைக்கு அந்த வால்வ நான்..." என்று ஆரம்பித்தார்.

"சாப்புடுறப்ப அது வேணாம்," என்றேன். ரசம் ஊற்றினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

அளவு தொண்ணூற்றொன்று. இன்னும் ஆபீஸ் அறையில்தான் இருக்கிறோம். அண்ணனும் இவரும் சாயங்காலம் டீ குடிக்கிறார்கள், என் கண்ணெதிரேயே. நான்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

கரண்டு வந்துவிட்டது. தெருவே கத்தியது.

படகுகள் திங்கட்கிழமை கடலுக்குப் போகவேண்டும், ஐஸ் வேண்டும் என்று ஆள்மேல் ஆள் வந்து நிற்கிறது. அண்ணன் என்னிடம் வந்து, "நீங்க வீட்டுக்குப் போனப்புறம்தான் மெஷின போடுவேன்," என்றார்.

"நாங்க போறது இருக்கட்டும். உள்ள எத்தன பேரு வேல பாக்குறாங்க?"

"ஆறு பேரு."

"பழைய வால்வு அத்தனையும் கழட்டு. எல்லாத்துக்கும் புதுசு போடு. ஆறு பேருக்கும் முகமூடி வாங்கி அந்தச் செவுத்துல மாட்டு. எனக்குக் கண்ணால காட்டு. அதுக்கப்புறம் போடு."

"திங்கக்கெழமைக்குள்ள முடியாது பாப்பா. கம்பெனியே ஏற்கெனவே..."

"அப்ப படகு திங்கக்கெழம போவாது."

இவர் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் இவரிடம், "நீயாச்சும் சொல்லு மாப்ள," என்றார்.

"அவ சொல்றதுதான் மச்சான்," என்றார் இவர்.

அண்ணன் அப்படியே நின்றார். மறுபடி ஆஸ்பத்திரி வாசல்தானோ என்று நினைத்தேன். ஆனால் அவர் சின்னையனைக் கூப்பிட்டு, "ஸ்பேனர் பெட்டிய எடுத்துட்டு வா," என்றார்.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் அண்ணன் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாம் புதுசு. முகமூடிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன், ரப்பர் வாசம் அடித்தது. சரி என்றேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. அளவு தொண்ணூற்றிரண்டு. ரொம்ப நாளுக்கப்புறம்.

சாயங்காலம் இவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருக்கோடியில் அந்த மெஷின் கிளம்பியது. தட் தட் என்று, முதலில் தடுமாறி, அப்புறம் சீராக. இவர் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.

கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் தளர்த்தினார்.

"வேணாம், தெறந்தே இருக்கட்டும்," என்றார். "காத்து வரட்டும்."